வட்டமாக நின்ற தேயிலை

தேயிலைத் தூள் மறுபடியும் வட்டமாகத்தான் நின்றது. எனக்கு வேண்டியது நேர்கோடு. சுருதிக் குமிழைக் கொஞ்சம் திருப்பினால் வட்டம் கலைந்து பெருக்கல் குறியாகிறது. கோடு மட்டும் வரவேயில்லை.

ஜப்பானில், ஹமாமாட்சுவில் ஒரு பியானோ தொழிற்சாலை. ஒலிப்பலகைக்கான ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தைத் தட்டிப் பார்த்துக் காதால் தேர்ந்தெடுத்த காலம். அளந்து தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்லி ஒரு சின்ன அறை கேட்டு வாங்கியிருந்தேன். பலகைக்கு அடியில் ஒலிபெருக்கி, மேலே வறுத்த தேயிலைத் தூள். எந்தச் சுருதியில் பலகை நன்றாகத் துள்ளுகிறதோ, அது விறைப்பைச் சொல்லும். ஒலியை நிறுத்தியதும் அதிர்வு சட்டென்று அடங்கினால், அது ஒலியை விழுங்குகிற மரம். நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். பலகை ஆடாத இடத்தில்தான் தூள் ஒதுங்கும்; ஒரு வாட்டம் மட்டும் ஆடினால் அது நேர்கோடாக நிற்கும். சூடான தேயிலையும் அறுத்த மரமும் கலந்த அந்த மணத்தை அப்புறம் எங்கேயும் நான் முகர்ந்ததில்லை.

"சனிக்கிழமைக்குள்ள எண் வரலைன்னா அறையை மூடிடுவேன். நீ பழையபடி பசை காய்ச்சப் போயிடும்மா" என்றிருந்தார் பிரிவுத் தலைவர் ஹகாமாதா.

பலகை அறுத்துத் தரும் முரமாட்சு எட்டிப் பார்த்தார். "என்ன கிகுயோசான், குடிக்கிற டீயை மரத்துக்கு ஊட்டுறீங்களா?"

"கிண்டல் பண்ணாதீங்க. உங்க பலகைக்கு நீளம் எது, அகலம் எதுன்னே தெரியலை. சதுரத் தகடு மாதிரி ஆடுது."

"சதுரமா? ததாமிப் பாய் கணக்கா, ஒண்ணுக்கு ரெண்டுன்னு மயிரிழை பிசகாம அறுத்திருக்கேன். கண்ணை மூடிட்டு அறுத்தாலும் என் கைக்கு அந்த அளவுதான் வரும்!"

ஒன்றுக்கு இரண்டு. கையில் கிடைத்த காகிதத்தை இழுத்தேன். நீளம் இரட்டித்தால் அதிர்வெண் கால்வாசியாகும். ஆனால் ஸ்ப்ரூஸ் குறுக்குவாட்டைவிட இழையோட்டத்தில் ஏறக்குறைய பதினாறு மடங்கு விறைப்பு; அது அதிர்வெண்ணை நான்கு மடங்காக்கும். இரண்டும் சரிக்குச் சரி. இரு வாட்டமும் ஒரே சுருதியில் ஆடி, ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன!

"முரமாட்சுசான், அகலத்தைக் குறைச்சுடுங்க. ஒண்ணுக்கு மூணு."

"பார்க்கச் சகிக்காதே!"

"சகிச்சுக்கறேன்."

முணுமுணுத்துக்கொண்டே அறுத்தார். தூள் துள்ளி, குறுக்கே இரண்டு நேர்கோடுகளாகப் படுத்தது. சுருதியை நன்றாக ஏற்றினேன். இப்போது நீளவாக்கில் இரண்டு. முரமாட்சு கைதட்டினார்.

சனிக்கிழமை ஹகாமாதா எண்களைப் பார்த்தார். "சரி, அறை இருக்கட்டும். என்னதான் தப்பு?"

"ஸ்ப்ரூஸ் பலகை அகலத்தைப்போல ரெண்டு மடங்கு நீளம் இருக்கக் கூடாது ஐயா. மூணு மடங்கா அறுத்தா ரெண்டு வாட்டமும் வேறவேற சுருதியில ஆடும். ஒண்ணொண்ணா அளந்துடலாம்."