சூப்பர்வைசரின் சட்டை சொன்ன கதை

சூப்பர்வைசரின் சட்டை முதன்முதலாக வாய் திறந்தது ஒரு திங்கட்கிழமை காலை, சாயப்பட்டறை வாசலில். வெளிர்நீலம், முழுக்கை, மடிப்புக் கலையாதது. காலருக்குக் கீழேயிருந்து ஒரு பெண்குரல், "ஒரு ஊர்ல ஒரு சூப்பர்வைசர் இருந்தானாம்" என்று ஆரம்பித்தது. அது இஸ்திரிக்கடை அக்காவின் குரல் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அக்காவின் புருஷன் அதே பட்டறையில் பாய்லர் பார்த்தவர். பாய்லர் வெடித்து அவர் செத்த மறுநாள், விசாரணைக்கு வந்தவர்களிடம் சூப்பர்வைசரும் ஒரு கதை சொன்னான்: ஆள் வேலை நேரத்தில் தூங்கிவிட்டான். செத்தவர் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்? கதை எடுபட்டது. அக்காவின் மகளைப் பள்ளிக்கூடத்தில் 'தூங்குமூஞ்சி மகள்' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரைத் துடைக்காமல் கண்மூடுவதில்லை என்று அக்கா வயிறெரிந்து சொன்னாள். "வேலை சீக்கிரம் முடியணும்னு சூப்பர்வைசர் ஆவி போற வால்வையே கம்பி போட்டுக் கட்டிட்டான் பாவி" என்று புருஷன் சாவதற்கு முந்தின நாள் புலம்பியதை அவள் ஒருத்திதான் கேட்டிருந்தாள். அவள் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தெருவில் வேறு இஸ்திரிக்கடை கிடையாது. அவனுடைய சட்டைகள் வெட்கமில்லாமல் அவளிடமே வந்தன. தண்ணீர் தெளித்துப் பெட்டியை வைத்ததும் ஆவி எழும். அதில் குனிந்து துணியிடம் கதையைச் சொல்லிச் சொல்லித் தேய்த்தாள். அடுத்து வந்த வருஷங்களில் சட்டைகள் பேருந்திலும் வங்கியிலும் கல்யாண வீட்டிலும் பேசின. கொடுப்பதை நிறுத்தினால் பயந்துவிட்டான் என்பார்களே என்று அவனும் வீம்புக்குக் கொடுத்துக்கொண்டேயிருந்தான். ஊர் கேட்டுச் சிரித்ததே தவிர, ஒரு சட்டை சொல்வதை யார் சாட்சியாக எடுப்பார்கள்?

கடுப்பான அக்கா ஒரு வெள்ளைச் சட்டையில் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாள். நடக்காத விஷயம்.

பட்டறையின் ஆண்டுவிழாவில், அவன் முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்தச் சட்டை பேசியது. "விசிலடிச்சுக்கிட்டே வால்வைக் கட்டினானாம்" என்றது. சூப்பர்வைசர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"பச்சைப் பொய்! கட்டும்போது நான் எங்க விசிலடிச்சேன்? கையெல்லாம் நடுங்கிட்டு இருந்துச்சு எனக்கு!"

பின்வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்த அக்கா, "கேட்டுக்கிட்டியாடி?" என்றாள். அன்றோடு அவன் வேலை போனது. சிறைக்கும் போய் வந்தான். தூங்குமூஞ்சி என்ற பேச்சே ஊரில் இல்லாமல் போயிற்று. இப்போதும் அவன் சட்டைகளை அக்காதான் தேய்க்கிறாள். "இன்னுமா பகை தீரல?" என்று கேட்டால், "அவன்கிட்ட இன்னும் சட்டை இருக்கே" என்கிறாள்.

இதை எழுதுகிறவனும் அவளிடம்தான் துணி கொடுக்கிறான். மேலே 'நடக்காத விஷயம்' என்று எழுதியபோது என் காலர் சூடாகி, மெல்லக் கனைத்தது. ஆகவே வாசகர்கள் திருத்திக்கொள்ளவும்: அவன் விசிலடித்தான். நல்ல ராகமாகவே அடித்தான்.