மீட்டரில் துடித்த முள்

அந்த வீட்டின் சாப்பாட்டு அறைக் கடிகாரம் இருபது நிமிடம் பின்தங்கி ஓடியது. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும், மாமாவைத் தவிர. அவரிடம் போய்ச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. அவர் மகன் தன் கைக்கடிகாரத்தையே அதற்கேற்றபடி பின்னால் தள்ளி வைத்துக்கொண்டான். அத்தை அதைப் பார்த்துத்தான் டீ போட்டார். மருமகளாக வந்தவளும் சீக்கிரமே பழகிக்கொண்டாள். டைவிங் கற்க வந்த வாடிக்கையாளர்கள் கடற்கரையில் கால் கடுக்கக் காத்திருக்க, இந்த வீடு மட்டும் நிதானமாகக் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

"இன்னைக்கும் நாமதான் முதல்ல கிளம்புறோம்," என்றார் மாமா கடிகாரத்தைப் பார்த்து, திருப்தியாக. அத்தை அவருக்கு இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார்.

தீவில் முதன்முதலாக டைவிங் பள்ளி தொடங்கியவர் அவர். மருமகளும் கடலுக்குள் இறங்கக் கற்றுக்கொடுப்பவள்தான், கல்யாணத்துக்கு முன்பு வேறொரு பள்ளியில் வேலை பார்த்தவள். "என் மருமக தண்ணிக்குள்ள மீன் மாதிரி" என்று ஊரெல்லாம் பெருமையடிப்பார். வீட்டுக்குள் மட்டும் அந்த மீன் வாயில்லா ஜீவன்.

டைவிங்கில் ஒரு பழக்கம் உண்டு. இருவர் இருவராகத்தான் இறங்குவார்கள். குதிப்பதற்கு முன் ஒருவர் சாமான்களை இன்னொருவர் பார்க்க வேண்டும். பெல்ட் சரியா, கொக்கி மாட்டியிருக்கிறதா, சிலிண்டர் வால்வு திறந்திருக்கிறதா என்று. "ஜோடியைப் பார்க்காம குதிக்கிறவனுக்கு என் படகுல இடமில்லை" என்று ஒவ்வொரு மாணவனிடமும் மாமாவே கறாராகச் சொல்வார். ஆனால் அந்தச் சட்டம் ஊருக்குத்தான். அவருக்கு இல்லை.

அது தெரியாமல், வந்த புதிதில் அவள் ஒருநாள் அவருடைய சிலிண்டரில் கைவைத்துவிட்டாள். படகு நிறைய வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். "ஏம்மா, நான் கடல்ல இறங்க ஆரம்பிச்சப்போ உங்கப்பாவுக்குக் கல்யாணமே ஆகலை. எனக்கு நீ செக் பண்றியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். முகம் எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் கணவன் சமாதானம் சொன்னான். "அப்பா விஷயத்துல மட்டும் கண்டுக்காம விட்டுடு. அவர் குணம் அப்படி."

அப்படியே விட்டுவிட்டாள். கண்டும் காணாமல் இருப்பது ஒரு வேலை மாதிரி அவளுக்குப் படிந்துபோனது.

அன்று வாடிக்கையாளர்கள் இல்லை. மறுநாள் ஒரு குழுவைக் கடலுக்குள் இருக்கும் ஆழச் சுவருக்கு அழைத்துப் போக வேண்டும், அதற்கு முன் நீரோட்டத்தைப் பார்த்து வர மாமாவும் அவளும் கிளம்பினார்கள். படகை ஓட்டியது கணவன். கரையிலிருந்து சற்றுத் தூரம் வரை பவளப்பாறை ஆழமில்லாமல் விரிந்து கிடக்கும். பிறகு திடீரென்று முடிந்துவிடும். அங்கிருந்து கீழே செங்குத்தாக இறங்கும் பாறைச் சுவர். எட்டிப் பார்த்தால் நீலம் கருநீலமாகி, அதற்கும் கீழே அடி தெரியாது.

மாமா தன் சிலிண்டரை முதலிலேயே திறந்து வைத்திருந்தார். கயிற்றைச் சரியாகக் கட்டவில்லை என்று மகனைத் திட்டிக்கொண்டே மறுபடி வால்வில் கைவைத்தார். முழுக்கத் திறந்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் திருப்புவது அவருடைய பழைய வழக்கம். அன்று கவனமெல்லாம் கயிற்றில் இருந்தது. திறப்பதாக நினைத்து, திறந்திருந்ததை முழுக்க மூடிவிட்டு, பின்னால் திருப்பும்போது கொஞ்சம் மட்டும் திறந்தார். அது அவருக்குத் தெரியவில்லை.

வாய்க்குழாயைக் கடித்து இரண்டு மூச்சு இழுத்துப் பார்த்தார். அவர் மார்பில் தொங்கிய காற்று மீட்டரின் முள் ஒவ்வொரு மூச்சுக்கும் கீழே விழுந்து மேலே எழும்பியது. வால்வு சரியாகத் திறக்காவிட்டால்தான் முள் அப்படித் துடிக்கும். படகில் இருக்கும்போது மூச்சு நன்றாகத்தான் வரும். ஆழம் போகப் போகத்தான் கழுத்தைப் பிடிக்கும்.

"மாமா..."

"என்ன?"

அவர் குரலிலேயே பாதி பதில் இருந்தது. அவள் கணவனைப் பார்த்தாள். அவனும் அந்த மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்ஜின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல மாமா. நீரோட்டம் எப்படி இருக்கும்னு..."

"இறங்கினா தெரியுது. வா."

குதித்தார்கள். வெயில் கண்ணில் பட்டதால் அப்படித் தெரிந்திருக்கும், அவருக்குத் தெரியாததா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினாள். சுவர் ஒரு பக்கம், அடியில்லாத தண்ணீர் மறுபக்கம். நீரோட்டம் அவர்களைத் தள்ளிக்கொண்டுபோய், கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைக்கடியில் சுவரோடு சேர்த்து அழுத்தியது. தலைக்கு மேலே பாறை, முதுகுக்குப் பின்னாலும் பாறை. வெளிச்சம் எங்கோ தூரத்தில் இருந்தது.

மாமாவின் வாயிலிருந்து வரும் குமிழிகள் குறைவதை அவள் கவனித்தாள். அவர் கன்னம் உள்ளே ஒட்டி ஒட்டி இழுத்தது. காற்று வரவில்லை. கழுத்துக்குக் குறுக்கே கையைக் காட்டினால் போதும், ஜோடி உதவிக்கு வரும். அது அவர் ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்த சைகை. அதைக் காட்ட அவருக்குக் கை எழவில்லை. மருமகளிடம் எப்படிக் கேட்பது?

அவள் பாய்ந்து போய் அவருடைய சிலிண்டர் பக்கம் கையை நீட்டினாள். மூச்சு முட்டும் அந்த நேரத்திலும் அவர் அவள் கையைத் தட்டிவிட்டார். உடனே கண்கள் மிரண்டன. நேராக மேலே பாயப் பார்த்தார். மேலே இருந்த பாறையில் தலை இடித்தது. அங்கிருந்து ஒரே மூச்சாக மேலே போனால் நுரையீரல் கிழியும். போகாமல் இருந்தால் மூச்சு நிற்கும். அவள் அவருடைய பெல்ட்டைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, அவசரத்துக்கென்று தன் சிலிண்டரில் இருந்த இன்னொரு வாய்க்குழாயை அவர் வாயில் திணித்தாள். அவர் இழுத்த முதல் மூச்சில் மொத்தக் கடலும் உள்ளே போய்விடும் போலிருந்தது.

பிறகுதான் பின்னால் எட்டி வால்வைத் திருப்பினாள். திருப்பத் திருப்ப அது திறந்துகொண்டே போனது. இந்த முறை அவர் தடுக்கவில்லை.

பாறையின் விளிம்பைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தார்கள். அவசரமாக ஏற வழியில்லை. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, படகிலிருந்து தொங்கிய கயிற்றைப் பிடித்து, உடம்பு பழகும் வரை தொங்க வேண்டியிருந்தது. படகின் அடிப்பகுதி கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது, ஆனாலும் போக முடியாது, பேசவும் முடியாது. அவ்வளவு நேரமும் மாமா அவளுடைய மணிக்கட்டை விடவே இல்லை.

படகில் ஏறியதும் அவர் சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வால்வுதான்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கீழே போன பிறகு தெரிந்தது என்று சொல்லிவிடலாம். யாருக்கும் கஷ்டமில்லை. ஆனால் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மேலயே பார்த்தேன் மாமா. முள் துடிச்சுது."

"பார்த்தும் சொல்லலையா?"

"உங்க கோவத்துக்குப் பயந்தேன் மாமா. உங்க உயிருக்குப் பயப்படலை. என் தப்புதான்."

"நானும் பார்த்தேன்பா," என்றான் மகன், என்ஜினைப் பார்த்தபடியே.

மாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவர் திட்டவில்லை. அதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

மதியம் சாப்பாட்டு மேசையில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "இந்த வீட்ல இன்னும் என்னென்ன என்கிட்ட சொல்லாம வச்சிருக்கீங்க?"

கடைசியில் அத்தை தயங்கித் தயங்கிச் சொன்னார். "அந்தக் கடிகாரம் இருபது நிமிஷம் பின்னால ஓடுதுங்க."

"எத்தனை நாளா?"

"மருமக வர்றதுக்கு முன்னாலேருந்து."

மாமா கடிகாரத்தைப் பார்த்தார். மகனின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எழுந்துபோய் அதைச் சுவரிலிருந்து கழற்றி, மருமகள் கையில் கொடுத்தார். "சரியான நேரம் வச்சு மாட்டும்மா," என்றார்.

மறுநாள் படகு சரியான நேரத்துக்குக் கிளம்பியது. சுவருக்கு மேலே நங்கூரம் போட்டதும், வாடிக்கையாளர்கள் எல்லோரும் பார்த்திருக்க மாமா எழுந்து வந்து அவள் முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

"பாரும்மா."

அவள் வால்வைத் திருகிப் பார்த்தாள், முழுக்கத் திறந்திருந்தது. மூச்சை இழுக்கச் சொல்லி மீட்டரைப் பார்த்தாள், முள் அசையாமல் நின்றது. கடைசியில் இடுப்புக்கு வந்தாள்.

"பெல்ட் முறுக்கிக்கிட்டிருக்கு மாமா."

ஒரு கணம் அவர் முகம் பழையபடி சிவந்தது. பிறகு இடுப்பைத் திருப்பிக் காட்டினார். "சரி பண்ணி விடு."

அவள் சரிசெய்து முடித்ததும் அவர் வாடிக்கையாளர்கள் பக்கம் திரும்பினார்.

"யாரும் என்னை எதிர்த்துக் கேட்கலைன்னா அது மரியாதைன்னு நேத்து வரைக்கும் நினைச்சிட்டிருந்தேன். அது மரியாதை இல்ல, பயம். பெரியவங்க தப்பைப் பார்த்தா வாயைத் திறந்து சொல்லணும், அதுதான் மரியாதை. சொல்ல விடாம மிரட்டி வச்சிருக்கிற பெரியவன் தன் மூச்சைத் தானே அடைச்சுக்கிறான்." சொல்லிவிட்டு மருமகளின் சிலிண்டர் பக்கம் கையை நீட்டினார். "திரும்பும்மா. இப்ப நான் பார்க்கணும்."

அவள் திரும்பி நின்றாள்.