மெதுவாகக் கொல்லும் கதை

“இது மெதுவா கொல்ற கதை. கடைசி வரைக்கும் யாருக்கும் சந்தேகமே வராது. கட்டாயம் படிங்க அக்காங்களா.”

மஞ்சுளா குழுவில் போட்டிருந்த இந்தச் செய்தியைத் தேவயானி மதியம் கிளினிக்கில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் படித்தாள். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன கிளினிக்கில் அவள் நர்ஸ். ஊசி போடுவது, பிரஷர் பார்ப்பது, கட்டுக் கட்டுவது போக மிச்சமிருக்கும் நேரமெல்லாம் துப்பறியும் நாவல்தான். அவளைப் போலவே நாவல் பைத்தியம் பிடித்த சுற்றுவட்டாரப் பெண்கள் சிலர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். ஒருத்தி படித்துப் பிடித்துப்போனால் மற்றவர்களுக்கு நாலு வரி எழுதுவாள். புத்தகத்தை ஜெயமணியின் ஜெராக்ஸ் கடையில் கொண்டுவந்து வைப்பாள். வேண்டியவர்கள் எடுத்துப்போவார்கள்.

மஞ்சுளா சிபாரிசு செய்வதென்றால் தேவயானிக்கு எப்போதும் ஒரு ஆர்வம் உண்டு. மஞ்சுளா மானாம்பதி சாலையில் உள்ளடங்கிய காலனியில் குடியிருந்தாள். அவள் கணவன் டேனியல் ஏதோ ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டினான். மஞ்சுளா குறைவாகத்தான் எழுதுவாள், ஆனால் எழுதினால் புத்தகத்தைத் தேடிப்போக வைத்துவிடுவாள். ஆனால் கொஞ்ச நாளாக அவள் சொல்லும் கதைகள் எல்லாமே ஒரே மாதிரி இருந்தன. முதலில் பாயசத்தில் விஷம் வைக்கும் மருமகள். அடுத்தது சொந்த அண்ணனுக்கு மருந்தை மாற்றிக் கொடுத்த தம்பி. இப்போது இது, தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சோற்றில் கலந்து கொடுக்கிற கதை. ‘ஏன் இந்தப் பெண்ணுக்கு வேறு கொலையே பிடிப்பதில்லை?’ என்று நினைத்து, சிரித்துக்கொண்டே போனைக் கீழே வைத்தாள் தேவயானி.

அந்த வாரமே மஞ்சுளா தன் மாமியாரைக் கைத்தாங்கலாகக் கிளினிக்குக்கு அழைத்து வந்தாள். அதற்குப் பிறகு தேவயானிக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமியார் பாக்கியமேரி வயல் வேலை செய்து முறுக்கேறிய உடம்புக்காரி. இப்போது கன்னம் ஒட்டி, முகம் வெளுத்துப்போயிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்தாள்.

“இன்னாமா பண்ணுது?” என்று கேட்டாள் தேவயானி.

“வயித்த புடிச்சு முறுக்குது சிஸ்டரு. சோறு எறங்கல. கையி காலெல்லாம் மரத்துப் பூடுது.”

“இன்னா சாப்ட்டீங்க?”

“அத்தைக்கு எப்பவும் நான்தாங்கா ஆக்கிப் போடறேன். கஞ்சிதான் குடுத்துக்கினு கீறேன்” என்று மஞ்சுளா முந்திக்கொண்டாள்.

டாக்டர் வசந்த்குமார் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனை செய்யலாம் என்றார். மஞ்சுளாவின் முகம் மாறியது. “பிளட் டெஸ்ட்டெல்லாம் வேணாம் சார். மாத்திரை குடுங்க, போதும்” என்றாள். சொல்லும்போது மாமியாரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். டாக்டர் வயிற்றுப் புண்ணுக்கு மருந்து எழுதிக்கொடுத்து, சரியாகாவிட்டால் வரச் சொன்னார்.

அன்றைக்கே தேவயானி ஜெயமணி கடைக்குப் போய் அந்த நாவலை எடுத்து வந்தாள். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். கதையில் வரும் கிழவிக்கு வயிற்று முறுக்கல். சோறு இறங்கவில்லை. கை கால் மரத்துப்போகிறது. வாயைத் திறந்தால் ஈறில் நீலக்கோடு. யாரும் ரத்தத்தைப் பரிசோதிக்காததால் ஊரே அவளுக்கு வயிற்றுப் புண் என்று நம்புகிறது. கதையில் அந்தக் கிழவிக்குச் சோறு போடுகிறவளும் மருமகள்தான்.

இதை மனசுக்குள்ளேயே வைத்திருக்க அவளால் முடியவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஜெயமணியிடம் வாய்விட்டுவிட்டாள்.

“அந்தப் பொண்ணா? கொசுவ அடிக்கவே யோசிப்பா போலகீதே” என்றாள் ஜெயமணி. சொல்லிவிட்டு மெஷினை நிறுத்தினாள். “ஆனா அப்டித்தான இருப்பாங்க, நாம படிக்கிற எல்லாத்துலயும்?”

“யார்கிட்டயும் சொல்லாத ஜெயமணி.”

“எனக்கு இன்னா பைத்தியமா?”

பாக்கியமேரியின் வலி மாத்திரைக்குக் கேட்கவில்லை. மறுபடி வந்தபோது நிற்கவே முடியாமல் வந்தாள். இந்தத் தடவை தேவயானி டாக்டரைத் தனியாக ஓரம் கட்டி, “சார், வாய திறக்கச் சொல்லிப் பாருங்க. எனக்கு என்னமோ உள்ள ஏதோ போயிக்கினு கீறாப்ல தோணுது” என்றாள். டாக்டர் டார்ச்சை அடித்துப் பார்த்தார். ஈறின் ஓரத்தில் மை தடவினாற்போல நீலக்கோடு ஓடியது. அவர் முகத்திலிருந்த அலட்சியம் போய்விட்டது. மஞ்சுளா தடுக்கத் தடுக்க ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஊசியைக் கண்டு பாக்கியமேரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மஞ்சுளா அவள் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். ‘என்னமா நடிக்கிறாள்’ என்றே தேவயானிக்குத் தோன்றியது.

முடிவு வந்தது. ரத்தத்தில் ஈயம், அளவுக்கு மீறி.

“உடனே செங்கல்பட்டு ஜி.எச்.சுக்கு அனுப்பணும். வீட்ல எதுலேர்ந்து வருதுன்னு தெரியணும். உங்களுக்குத் தெரிஞ்சவங்கதானே, போய்ப் பாத்துச் சொல்லி அழைச்சிட்டு வாங்க” என்றார் டாக்டர்.

தேவயானி ஸ்கூட்டியில் கிளம்பினாள். காலனியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மஞ்சுளா வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. கூப்பிட வாயெடுத்தவள் உள்ளேயிருந்து வந்த குரலைக் கேட்டு அப்படியே நின்றாள். மஞ்சுளாவின் குரல்தான். ஆனால் அது தாழ்ந்து, பாம்பு சீறுவது போல வந்தது.

“‘இன்னும் ஒரு வாரம்தான். அதற்குப் பிறகு நீ எழுந்திருக்கவே மாட்டாய். உன் கண்ணெதிரேதான் கலந்தேன். உனக்குத் தெரியவில்லையே!’”

தேவயானி அதற்குமேல் நிற்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

பாயில் பாக்கியமேரி படுத்திருந்தாள். அவள் தலைமாட்டில் மஞ்சுளா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் விரித்த நாவலோடு.

“யாரது? நல்ல எடத்துல வந்து நிறுத்திட்டாங்க” என்று பாக்கியமேரி முனகினாள். “நீ படி மஞ்சுளா. அவந்தான கலந்தது, அந்த கம்பவுண்டரு?”

தேவயானி பாயையும் நாவலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அத்தைக்கு எழுத்து தெரியாதுக்கா. நான்தான் படிச்சு சொல்லுவேன். விஷம் வெச்ச கதையா பாத்து எடுத்தாரச் சொல்லும்” என்றாள் மஞ்சுளா.

“கத்தியால குத்துனா டக்குனு முடிஞ்சி பூடுது சிஸ்டரு. வெசம்னாதான் பட்த்துக்கினே யோசிக்கலாம்” என்றாள் பாக்கியமேரி.

தேவயானி மெதுவாக உட்கார்ந்தாள். ரத்தத்தில் ஈயம் இருப்பதை, அது உடம்புக்கு விஷம் என்பதைச் சொன்னாள். வீட்டில் எதிலிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் வந்தேன் என்றாள்.

மஞ்சுளா புத்தகத்தை மூடினாள். “பாக்க வந்தீங்களா, புடிக்க வந்தீங்களா?”

“மஞ்சுளா...”

“ஜெயமணியக்கா நேத்து கேட்டாங்க. ‘மாமியாருக்கு இன்னாமா குடுத்துக்கினு கீற’ன்னு. சிரிச்சிக்கினே கேட்டாங்க. கடைல நின்ன நாலு பேரு திரும்பிப் பாத்தாங்க. எனக்கு அப்ப புரியல. ரத்தம் எடுக்க வேணாம்னு சொன்னேன், ஆமா. ஊசின்னா அத்தைக்கு உசுரே பூடும். டேனியல் பொறந்தப்போ ஊசி போட்டு ஜன்னி வந்து செத்துப் பொழைச்சது. ‘எது வந்தாலும் ஊசிக்கு மட்டும் உட்டுடாத’ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினுகீது.”

அவள் எழுந்து சமையல் மேடைக்குப் போனாள். ஒவ்வொரு டப்பாவாக எடுத்துத் தேவயானி முன்னால் தரையில் கவிழ்த்தாள். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், ரேஷன் பருப்பு. “பாருங்க. நல்லா பாருங்க. இதெல்லாம் நானும் துன்றேன், அவரும் துன்றாரு. எங்களுக்கு ஏன் ஒண்ணும் ஆவல?” அடுத்த டப்பாவையும் கவிழ்த்தாள்.

“போதும் மஞ்சுளா” என்றாள் தேவயானி. அப்போதுதான் பாக்கியமேரியைக் கவனித்தாள். கொட்டிக் கிடந்த எதையும் அவள் பார்க்கவில்லை. ஒரு கை மட்டும் தலையணைக்கு அடியில் எதையோ உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

“அங்க இன்னாமா?”

“அது ஒண்ணுமில்ல. அது என்னுது.”

மஞ்சுளா தலையணையைத் தூக்கினாள். மருந்துக் கடைச் சீட்டே இல்லாத ஒரு பாட்டில். அதில் பாதிக்குச் செங்கல் நிறப் பொடி.

“முட்டி வலிக்கு” என்றாள் பாக்கியமேரி தரையைப் பார்த்து. “சந்தையில ஒருத்தன் வித்தான். காலு நல்லாத்தான் வந்திச்சி. நீ திட்டுவேன்னுதான் சொல்லல. வயித்து வலிக்கும் அதயே ரெண்டு வேள சேத்துத் துன்னேன்.”

மஞ்சுளா பாட்டிலைப் பிடித்தபடி நின்றாள். பிறகு மாமியாரின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதாள். “ஏன் அத்தே” என்று மட்டும் கேட்டாள்.

செங்கல்பட்டில் பாக்கியமேரியைச் சேர்த்துக்கொண்டார்கள். பொடியைப் பரிசோதித்ததில் ஈயம் அதில்தான் இருந்தது. மாத்திரை கொடுத்துக் கொடுத்து ஈயத்தை உடம்பிலிருந்து இறக்கினார்கள். அவள் பிழைத்து வீடு திரும்பினாள்.

ஆனால் மஞ்சுளா குழுவிலிருந்து விலகிவிட்டாள். தேவயானி ஜெயமணியிடம் போய்ச் சண்டை போட்டாள். “சந்தேகப்பட்டது நீ, பழி மட்டும் எனக்கா?” என்று ஜெயமணி திருப்பிக் கேட்டாள். அன்றிரவு தேவயானி குழுவில் எழுதினாள்: ‘மஞ்சுளாவைப் பற்றி நான் தப்பாக நினைத்தேன், தப்பாகப் பேசினேன். யார் காதிலாவது ஏதாவது விழுந்திருந்தால் அது பொய். அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டது அவள் ஒருத்திதான்.’ படித்தவர்கள் யாரும் பதில் போடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவயானி தனக்கு மிகவும் பிடித்த ஒரு நாவலை எடுத்துக்கொண்டு மானாம்பதி பக்கம் போனாள். பாக்கியமேரி வாசல் நிழலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. மஞ்சுளா குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டாள்.

“மன்னிச்சிடு மஞ்சுளா” என்றாள் தேவயானி.

“கதையில வர்ற ஆளுங்கள எவ்ளோ வேணா சந்தேகப்படுங்கக்கா. நான் உங்க எதிர்ல நின்னேன். என்னய ஒரு வார்த்த கேட்ருக்கலாம் இல்ல?”

“கேட்டிருக்கணும்.”

மஞ்சுளா துணியைப் பிழிந்து உதறினாள்.

“அத வுடு. கையில இன்னா புஸ்தகம்?” என்றாள் பாக்கியமேரி. “வெசமா?”

“இல்லமா. கெணத்துல தள்ளிக் கொல்றது. ஆனா ரொம்ப நல்லாருக்கும்.”

“படியேன், பாக்கலாம்.”

தேவயானி படிக்க ஆரம்பித்தாள். மாத்திரைச் சீட்டைப் படிப்பது போல மளமளவென்று ஓடினாள். நாலு பக்கம் போவதற்குள் பாக்கியமேரி கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். “யாரு பேசறாங்கன்னே தெரில சிஸ்டரு. பஸ்ஸ புடிக்கப் போறாப்ல படிக்கிறியே.”

மஞ்சுளா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். தேவயானியின் முகத்தைப் பார்க்காமல் புத்தகத்தை வாங்கி, கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். அவள் குரலில் கிணற்றுக்காரர் செருமினார், அவருடைய மனைவி கதவிடுக்கில் நின்று முணுமுணுத்தாள். பாக்கியமேரி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவரையும் சந்தேகப்படத் தொடங்கினாள். “அந்த மச்சான்காரன்தான்” என்றாள் ஒரு தடவை. “இல்ல, அந்த பால்காரன்” என்றாள் இன்னொரு தடவை.

தள்ளியது யார் என்று தேவயானிக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.