வெறுஞ்சட்டி போகக்கூடாது

ஆலங்குடாவில் நஃபீஸாவின் பக்கம் நல்ல தண்ணீர் ஊறும் கிணறு ஒன்றே ஒன்றுதான். யுத்தம் முடிந்த கையோடு கொழும்பு முதலாளி ஒருவர் அது இருந்த தென்னங்காணியை வாங்கி, ஹோட்டல் கட்டி, கிணற்றையும் உள்ளே வைத்து மதிலை எழுப்பிவிட்டார். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் வழுக்கி விளையாடும் வெள்ளைக்காரருக்கு உப்புப் போகக் குளிக்க அந்தத் தண்ணீர் வேண்டுமாம். ஊர்ப் பெண்கள் குடத்தோடு ஒன்றரை மைல் நடந்தார்கள். மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து, இருபது வருடம் அங்கே அள்ளிய நஃபீஸாவுக்கு வயிறு எரிந்தது.

நோன்பு வந்தது. நஃபீஸா கஞ்சி காய்ச்சி, ஒரு சட்டியில் ஊற்றி, அசர் தொழுகைக்குப் பிறகு ஹோட்டல் வாசலுக்குக் கொண்டுபோனாள். மனேஜர் லத்தீப் மதுரங்குளி ஊர்ப் பிள்ளை. கஞ்சியைக் கண்டதும் அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சட்டியைக் கழுவி, நாலு பேரீச்சம்பழம் போட்டு நீட்டினான். கஞ்சி வந்த சட்டியை வெறுமனே திருப்பி அனுப்பினால் அவன் உம்மா அவனைச் சும்மா விடமாட்டா.

"பேரீச்சம்பழம் எங்கட ஊட்டுலயும் ஈக்கி தம்பி. அந்தக் கிணத்துத் தண்ணிய ஊத்தித் தாங்க, போதும்."

ஊற்றிக் கொடுத்தான், பாவம்.

மறுநாள் நஃபீஸா கொண்டுபோனது கலியாண வீட்டு அண்டா. அடியில் ஒரே ஒரு அகப்பைக் கஞ்சி. பின்னால் பக்கத்து வீட்டு நிஃப்லா, அவள் கையிலும் ஓர் அண்டா. பத்தாம் நோன்புக்குள் வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. லத்தீப் நோன்பு வாயோடு அள்ளி அள்ளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெண்கள் வழிநெடுக விழுந்து விழுந்து சிரித்தார்கள். நஃபீஸாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் வெட்கமாக இருந்தது. தன் கிணற்றுத் தண்ணீருக்கு இத்தனை தந்திரமா!

பெருநாளுக்கு முதல்நாள் லத்தீப் கேட்டான்.

"ராத்தா, இன்டையோட கஞ்சி முடிஞ்சிதானே?"

"நாளைக்குப் பெருநாள் இனிப்பு, வட்டலப்பம் வரும் தம்பி."

"அதுக்குப் பொறகு?"

"பெருநாள் கழிச்சிப் புடிக்கிற ஆறு நோன்பு ஈக்கி."

"அதுக்கும் பொறகு?"

நஃபீஸாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அதுக்கும் பொறகு பிச்சைதான். அதையும் ஒங்கட வாசல்லதான் வந்து கேக்கணும்."

லத்தீப் தலை குனிந்தான். பிறகு மதிலின் பின்கதவுச் சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தான். "இனிக் குடத்தோட வாங்க ராத்தா. சனிக்கிழமை மட்டும் வராதீங்க, முதலாளி வருவார்."

நஃபீஸா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"சனிக்கிழமையும் எங்களுக்குத் தண்ணி விடாய்க்குமே தம்பி" என்றாள்.