ஜீயபுரத்துச் சர்க்கரைப் பொங்கல்

சர்க்கரை வியாதி என்று கோதை டாக்டரம்மா சொன்னபோது மாத்ருபூதம் கலங்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்டாட்டி வள்ளிக்கண்ணுவுக்குத்தான் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மனுஷர் கேட்டதெல்லாம் ஒன்றுதான், மணப்பாறை முறுக்காவது தின்னலாமா என்று. ஸ்ரீரங்கத்தில் பேர்போன டாக்டரம்மா அவர், இப்படிக் கேட்பவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவர். முறுக்கும் அரிசிதானே ஐயா என்று சொல்லிவிட்டு, அவரிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று வள்ளிக்கண்ணு பக்கம் திரும்பிக்கொண்டார். மத்தியானம் ஒரு கைப்பிடிச் சோறு. மற்றபடி கீரை, புடலங்காய், முட்டை, மோர். வெல்லம், சர்க்கரை, வாழைப்பழம், கிழங்கு வகையறாவுக்கெல்லாம் பெரிய கும்பிடு.

பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர் வேலை அவருக்கு. ஆள் சரியான சாப்பாட்டு ராமன். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் அவரைப் பார்த்துவிட்டால் பரிமாறுகிறவனுக்கே ஒரு உற்சாகம் வரும். அப்படிப்பட்டவர் முன்னால் கைப்பிடிச் சோற்றையும் ஒரு குன்று கீரையையும் வைக்கிறபோது வள்ளிக்கண்ணுவுக்கு வயிறு எரியத்தான் செய்தது. எரிந்து என்ன செய்ய? தாலியல்லவா பெரிது.

வீட்டில் ஒரு கண்ணாடிக் குழாயும் ஸ்பிரிட் விளக்கும் வந்து சேர்ந்தன. காலையில் அவருடைய சிறுநீரைச் சில சொட்டு எடுத்து, நீல மருந்தில் விட்டுக் காய்ச்சிப் பார்க்க வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் நல்லது. பச்சையானால் கவலை. செங்கல் நிறத்துக்கு வந்தால் ஐயா எங்கேயோ கைவரிசையைக் காட்டியிருக்கிறார் என்று அர்த்தம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அப்படித்தான் செக்கச் செவேலென்று வந்தது. கூட வேலை பார்க்கிற இன்னாசிராஜ் வீட்டுக்கு வாழ்த்துச் சொல்லத்தானே போனேன் என்று சாதித்துப் பார்த்தார் மாத்ருபூதம். குழாயை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள் வள்ளிக்கண்ணு. சர்க்கரைப் பாகில் புரட்டிய கல்கல் ஒரு கை, கேக் ஒரு துண்டு என்று உண்மை மெல்ல மெல்ல வெளியே வந்தது.

அவளும் சும்மா இல்லை. நாளும் கிழமையும் வந்தால் அவர் முகம் வாடுகிறதே என்று யோசித்து யோசித்து ஏதாவது செய்வாள். தீபாவளிக்கு அதிரச மாவே இடிக்கவில்லை. கீரை வடையும் முட்டைக் குழம்பும் வைத்து, சுண்டக் காய்ச்சிய பாலில் ஏலக்காய் தட்டிப்போட்டு, வெல்லம் சேர்க்காமலே வெள்ளி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். மகள் அமிர்தத்துக்கும் அதேதான், தனக்கும் அதேதான். ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஊரே சித்ரான்னத்தைப் பிரிக்கும்போது, இவர்கள் மூன்று பேரும் வெள்ளரிக்காயும் சுண்டலும் தின்றுவிட்டுக் காவேரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துக் குடும்பம் வெல்லம் கலந்த காப்பரிசியை நீட்டியபோது அமிர்தம் முந்திக்கொண்டு, எங்களுக்கு வேணாங்க, வயிறு நிறைஞ்சிருக்கு என்றாள். நல்ல பெண்.

அப்படியும் பொங்கலுக்கு வழுக்கிவிட்டார். யார் யார் வீட்டிலோ பொங்கல் தின்றார், கரும்பு கடித்தார். அந்த நேரம் பார்த்துக் கால் கட்டைவிரலில் ஒரு இரும்புச் சில்லு கிழித்தது. ஆறவே இல்லை. விரலை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்லும் அளவுக்குப் போய்விட்டது. வள்ளிக்கண்ணு அந்தக் காலை மடியில் வைத்துக் கழுவிக் கட்டுப்போட்ட நாட்களை அவள் யாரிடமும் சொன்னதில்லை. விரல் ஒருவழியாகப் பிழைத்தது. அன்றைக்கு அவர் அவள் தலையில் கை வைத்து, இனி உன் கையால் தராத இனிப்பு என் வாய்க்குள் போகாது என்று சத்தியம் பண்ணினார். அதற்குப் பிறகு ஒரு காலையிலும் குழாய் சிவக்கவில்லை.

இதற்கு நடுவில்தான் அமிர்தத்துக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். திருவெள்ளறையிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது, தேதி குறிக்கிற வரைக்கும் போனது. யாரோ ஒரு புண்ணியவதி போய், பெண்ணின் அப்பனுக்குச் சர்க்கரை வியாதி, நாளைக்குப் பெண்ணுக்கும் வரும் என்று ஓதிவிட்டாள். அவ்வளவுதான், அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு மூச்சில்லை. அமிர்தம் கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற கல்லில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வள்ளிக்கண்ணு முடிவு பண்ணிவிட்டாள். இனி இந்த வியாதியைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது.

அடுத்து வந்தது ஜீயபுரம். மாப்பிள்ளை பெயர் ராமர். சொந்தமாக வாழைத் தோட்டம், அதிர்ந்து பேசாத பையன். அப்பா இல்லை. அம்மா மாரியாயிதான் தோட்டத்தையும் ஆளையும் கட்டி மேய்க்கிறவள். அவர்கள் வந்து அமிர்தத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். அதுதான் அவர்கள் பக்கத்து முறை. பெண் வீட்டார் பதிலுக்கு மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வர வேண்டும். பெண்ணின் அப்பா அந்த வீட்டு இலையில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. முதலில் இனிப்பு வைப்பார்கள், அதை மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும். கை நனைக்காமல் எழுந்தால் இடம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் யாரிடமும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

ஆனி மாசம் முடியப் போகிறது, ஆடி பிறந்தால் பேச்சே எடுக்க முடியாது. விரதம் என்று சொல்லித் தள்ளிப்போடவும் வழியில்லை. வள்ளிக்கண்ணு ஒரு திட்டம் வைத்திருந்தாள். அவள் பிறந்த வீட்டுப் பக்கம் இப்படி வீடு பார்க்கப் போனால் புருஷன் பெண்டாட்டி இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துத்தான் இலை போடுவார்கள். பக்கத்தில் இருந்தால் அவர் இலை இனிப்பைத் தன் இலைக்கு நைசாக மாற்றிக்கொள்வது ஒரு வேலையா? பேர் சொல்ல ஒரு பருக்கையை மட்டும் அவர் வாயில் போட்டுக்கொண்டால் போதும்.

திருச்சிக் கோட்டை ஸ்டேஷனில் பாசஞ்சர் வண்டி ஏறும்போது, நான் கண் காட்டாமல் எதையும் தொடக்கூடாது என்று மறுபடியும் சொல்லிவைத்தாள். அவரும் சின்னப்பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

ஜீயபுரத்தில் வரவேற்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வாங்க, உக்காருங்க என்று மாரியாயி வாய் நிறையக் கூப்பிட்டாள். உறவுமுறை மட்டும் சொல்லவில்லை. இன்னும் உறவாகவில்லையே. வள்ளிக்கண்ணுவின் கையைப் பிடித்து நேரே அடுக்களைக்கு அழைத்துக்கொண்டு போனாள். அங்கே போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. இந்த ஊரில் ஆம்பிளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்களுக்குப் பந்தி. ஆம்பிளைகள் பந்திக்குள் பெண்கள் கால் வைப்பதில்லை, பரிமாறுவதுகூட ஆம்பிளைகள்தான். வள்ளிக்கண்ணுவின் திட்டம் அங்கேயே கவிழ்ந்தது.

அடுக்களை நிலைப்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். கூடத்தில் வரிசையாக இலை. மாத்ருபூதத்துக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா வீரமலை, அந்த வீட்டுக்குப் பெரிய மனுஷர். சர்க்கரைப் பொங்கல் வந்தது. வீட்டு நெய், மண்டை வெல்லம், வாசனை தெருவரைக்கும் போயிருக்கும். பெண்ணைப் பெற்றவர் என்று மரியாதைக்கு அவர் இலையில் இரண்டு கரண்டி கூடவே வைத்தார்கள். மாத்ருபூதம் சட்டென்று இலைமேல் கையைக் குறுக்கே வைத்தார்.

அவர் முதலில் கை வைத்தால்தான் மற்றவர்கள் சாப்பிட முடியும். வீரமலை அவர் பக்கம் திரும்பினார்.

"என்னங்க, எங்க வீட்டுல கை நனைக்க மனசில்லீங்களா?"

மாத்ருபூதம் திரும்பி நிலைப்படியைப் பார்த்தார். வள்ளிக்கண்ணு அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் சர்க்கரைப் பொங்கலைப் பார்த்து அந்த முகம் மலராமல் இருந்ததில்லை. இன்றைக்கு அதில் பயம் இருந்தது. பெண்ணுக்காகச் சத்தியத்தை மீறுவதா, சத்தியத்துக்காகப் பெண்ணின் வாழ்வைக் கெடுப்பதா என்று தெரியாமல் மனுஷர் தவித்துப்போயிருந்தார். பிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையை எடுத்து, பொங்கலின் பக்கம் கொண்டுபோனார்.

அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நின்றிருப்பாள். நிலைப்படியைத் தாண்டி, அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் நடந்துபோய், புருஷன் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தப் பொங்கலை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். புருஷன் சாப்பிட்ட இலையில் பெண்டாட்டி சாப்பிடுவதை ஊர் பார்த்திருக்கிறது. அவர் கை வைக்கும் முன் இவள் அள்ளித் தின்பதை யார் பார்த்தார்கள்? வீரமலை இலையை விட்டு எழுந்தே விட்டார். வள்ளிக்கண்ணு மிச்சம் வைக்காமல் வழித்துத் தின்றாள். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு நாக்கில் பட்ட இனிப்பு. அந்த நேரத்திலும் அது ருசித்தது, அதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அவருக்குச் சர்க்கரை வியாதிங்க. சோறு ஆகாது, இனிப்பு ஆகவே ஆகாது. மறைக்கணும்னுதான் வந்தேன், முடியல. உங்க வீட்டு இலையில நான் கை நனைச்சிட்டேன். அவரு வேற நான் வேற இல்லீங்க. இதை ஏத்துக்கறதும் தள்ளறதும் உங்க இஷ்டம்."

சொல்லி முடித்ததும்தான் அமிர்தத்தின் நினைப்பு வந்தது. காலையில் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வாசல்வரை வந்து வழியனுப்பிய பெண். துவைக்கிற கல்லில் இனி எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பாளோ என்று நினைத்துக்கொண்டாள்.

வீரமலை பேச ஆரம்பித்தார். வம்சத்தில் ஓடுகிற வியாதி இது, நாளைக்கு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வரும், மறைத்துக் கட்டிவைக்கப் பார்த்தார்களே, பந்திக்குள் பொம்பளை வந்து உட்காருவது எந்த ஊர் வழக்கம் என்று அடுக்கிக்கொண்டே போனார். ராமர் எழுந்து எதையோ சொல்ல வந்து, பெரியப்பாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மாத்ருபூதம் இலையை மடிக்கக் கையைக் கொண்டுபோனார். மடித்துவிட்டால் கதை முடிந்தது.

"இலையை மடிக்காதீங்க" என்று ஒரு குரல் வந்தது. மாரியாயி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"ராமரோட அப்பாருக்கு மஞ்சக்காமாலை. பத்தியத்துல இருந்த மனுஷனை ஒரு கல்யாணப் பந்தியில உக்கார வச்சாங்க. சாப்பிடலைன்னா கோவிச்சுக்குவாங்கன்னு எண்ணெய்ப் பலகாரமா வாங்கி வாங்கித் தின்னாரு. தின்னக்கூடாதுன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அடுக்களையில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பொம்பளை எப்படிப் பந்திக்குள்ள போறதுன்னு நின்னேன். அந்த வாரமே அவரைக் கொண்டுபோயி எரிச்சோம்." அவள் வீரமலையைப் பார்த்தாள். "மாமா, நீங்களும் அந்தப் பந்தியில பக்கத்து இலையிலதான் உக்காந்திருந்தீங்க."

வீரமலை உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாரியாயி அடுக்களைக்குள் போனாள். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் வாழைத்தண்டுப் பொரியலும் வாழைப்பூக் கூட்டும் இருந்தன. அவளும் நிலைப்படியைத் தாண்டினாள். யாரும் தடுக்கவில்லை. மாத்ருபூதத்தின் இலைக்கு முன்னால் வந்து குனிந்து, தன் கையாலேயே பொரியலையும் கூட்டையும் தாராளமாக அள்ளி வைத்தாள்.

"எங்க தோட்டத்துலேருந்து காலையில வெட்டியாந்தது. இது உங்களுக்கு ஆகும்தானே? கை நனைங்கண்ணே."

அண்ணே என்று அவள் சொன்னதை அவருடைய காது வாங்கிக்கொண்டது, புத்திக்கு எட்டத்தான் கொஞ்சம் நேரமாயிற்று. பெண்ணைப் பெற்றவரை மாப்பிள்ளையின் அம்மா கூப்பிடுகிற முறை அது. மாத்ருபூதம் வாழைத்தண்டைப் பார்த்தார், மாரியாயியைப் பார்த்தார், பிறகு வழக்கம்போல வள்ளிக்கண்ணுவைப் பார்த்தார். கூடமே அவள் முகத்தைப் பார்த்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பிடுங்க என்று தலையசைத்தாள். அவர் கை நனைத்தார்.