லெனாட் சொல்லாத வசனம்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை யாழ்ப்பாணம் குருநகர் மீன் சந்தையில் எனக்கு ஓசியில் கிடைத்தது. மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றேன். பக்கத்தில் நின்ற பெர்னடெட் தன் தோழியிடம், "கரையிலை பிறந்தென்ன, இன்னும் ஒருக்காலும் கடலுக்குள்ளை போனதில்லையடி" என்றார். புருஷன் லெனாட்டுக்குச் சொந்தமாக மீன்பிடிப் போட் இருக்கிறதாம். எனக்கு மனசு கேட்கவில்லை. பெர்னடெட்டிடமே பேச்சுக் கொடுத்து, கதையோடு வீடு திரும்பினேன். மீனை மறந்துவிட்டேன்.

2
முதல் வரி: "லெனாட் விடியுமுன் கடலுக்குப் போனான், கடலோ

(அடித்துவிட்டேன். வாசித்துக் காட்டியபோது பெர்னடெட் விழுந்து விழுந்து சிரித்தார். "கடலுக்கோ? அவர் தொழிலுக்கெல்லோ போறவர்!" கரையில் மீன்பிடிக்கப் போவதற்கு அதுதான் பேச்சாம்.)

3
பெர்னடெட் வாசிகசாலையில் எடுத்த பயண நாவலில் மூழ்கிக் கிடந்தாள். (சந்தையில் 'அவர்', கதைக்குள் 'அவள்'. கோபிக்கமாட்டார்.) அதில் ஒருத்தி எங்கோ ஒரு தீவுக்குப் போய், தெளிந்த தண்ணீருக்கடியில் கடற்புல் அசைவதைப் பார்த்து அழுகிறாள்.

"இஞ்சேருங்கோ, இதை ஒருக்கால் கேளுங்கோ."

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த லெனாட் கேட்டான். "உது எங்கடை சாதாழை. வலையிலை சிக்கினால் பெரிய கரைச்சல். உதைப் பாத்தோ அழுதவ?"

"நான் எப்ப கண்டனான்?"

அவன் கை நின்றுவிட்டது. போட் இருப்பது தொழிலுக்கு, தொழிலுக்குப் போகையில் பெண்சாதி எதற்கு என்றே இத்தனை காலமும் இருந்துவிட்டான். வலையைக் கீழே வைத்துவிட்டு, "ஞாயிறு பூசை முடிய வா. தொழிலுக்கில்லை. கடலுக்கு" என்றான்.

4
முடிவு ஒன்று: மழை. போகவில்லை. (சோம்பேறி முடிவு.)

முடிவு இரண்டு: மாமியார் மறிக்கிறார். ("என்ரை மாமி பாவம், அவவை ஏன் இழுக்கிறியள்?" அடித்தாயிற்று.)

முடிவு மூன்று: மண்டைதீவுப் பக்கம் எஞ்சினை நிறுத்துகிறான். பெர்னடெட் குனிந்து பார்க்கிறாள். சாதாழை

அதற்குமேல் பேனா நகரவில்லை. நான் நீர்வேலித் தோட்டக்காரி. வாழையிலை ஆடுவது தெரியும், கடலுக்கடியில் புல் எப்படி ஆடும் என்று எனக்கென்ன தெரியும்? எழுதியவரை பெர்னடெட்டிடம் கொடுத்துவிட்டேன்.

அவர் அதை லெனாட்டுக்கு வாசித்திருக்கிறார். 'தொழிலுக்கில்லை, கடலுக்கு' என்ற இடத்தில் மனுஷன் திகைத்துப்போய், "நான் உப்பிடி ஒருநாளும் சொல்லேல்லையே!" என்றாராம்.

"சொல்லேல்லைத்தான். இப்ப சொல்லுங்கோவன்."

5
அடுத்த கிழமை சந்தையில் பெர்னடெட்டின் முகம் மலர்ந்து கிடந்தது.

"போனனீங்களோ?"

"ஓம், போனனாங்கள்."

"என்ன கண்டனீங்கள்?"

"சொன்னால் வீட்டிலை இருந்தே எழுதிப்போடுவியள். வாற ஞாயிறு வாங்கோ. போட்டிலை இடமிருக்கு."

எனக்கு நீந்தத் தெரியாது. பயத்தை விடச் சந்தோஷந்தான் கூட. ஆகவே மூன்றாம் முடிவை அப்படியே விட்டுப் போகிறேன். அவசரமென்றால் நீங்களே எழுதி முடியுங்கள். ஆனால் முதலில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.