இரண்டாவது கண்

கோட்டின் கைமடிப்பைப் பிரித்தபோது அது விழுந்தது. வெள்ளையாக, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மாத்திரை. உடை மாற்றும் அறையின் தரையில் உருண்டுபோய்ப் பெரியவளின் செருப்பில் முட்டி நின்றது.

மாத்திரை கம்பெனியில் மாத்திரை விழுவது அதிசயமில்லை. எடுத்துக் குப்பையில் போடப் போனவள், பழக்கதோஷத்தில் கட்டைவிரலால் அதைப் புரட்டிப் பார்த்தாள். ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கமும் வழவழப்பு. நடுக்கோடு இல்லை.

இன்னொருமுறை புரட்டிப் பார்த்தாள்.

சாப்பாட்டு வேளைக்குப் பிறகு அவளுடைய மிஷினில் ஓடியது குழந்தைகளுக்கான காய்ச்சல் மாத்திரை. பாதியாக உடைத்துக் கொடுக்க வசதியாக நடுவில் கோடு போட்டிருக்கும். கோடு இல்லாதது காலையில் ஓடிய சர்க்கரை வியாதி மாத்திரை. நிறமும் பருமனும் இரண்டுக்கும் ஒன்றுதான். மாத்திரை அடைத்த அட்டைகளைப் படம் பிடித்துப் பார்க்கும் கேமராவுக்கு வெள்ளை என்றால் வெள்ளை, அவ்வளவுதான்.

காலையிலேயே ஒட்டிக்கொண்டதாக இருக்கட்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது. அதற்கு வழியில்லை. வெளியே போய்விட்டு வந்தால் சலவை செய்த கோட்டு ஒன்றைப் புதிதாக மாட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். இந்தக் கோட்டை அவள் மாட்டியது சாப்பிட்டு வந்த பிறகு. அப்போது கூடத்தில் சர்க்கரை மாத்திரை ஒன்றுகூட இருந்திருக்கக் கூடாது. இருந்திருக்கிறது. எங்கே என்பதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மாத்திரைகளை அட்டைக் குழிகளுக்குள் தள்ளிவிடுகிற உருளை பிரஷ் நடுவில் ஒருமுறை சிக்கிக்கொண்டது. பிரஷ் பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுச் சரிசெய்தாள். அங்கே பதுங்கியிருந்த ஒன்று கைமடிப்பில் ஏறிக்கொண்டது. கூட இருந்தவை என்ன ஆயின?

ஒரு மருந்து முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் மிஷினைத் துடைத்தெடுக்க வேண்டும். ஒருத்தி துடைப்பாள், இன்னொருத்தி டார்ச் அடித்துத் தலையை உள்ளே விட்டுப் பார்ப்பாள். பார்க்கிறவளுக்கு இரண்டாவது கண் என்று பெயர். இன்று துடைத்தவள் சின்னவள், பெரியவளின் நாத்தனார். பார்த்திருக்க வேண்டியவள் பெரியவள்.

"தொடச்சாச்சா?"

"ஆச்சு அண்ணி."

"அப்ப ஓட்டு."

வேறு எவளாவது துடைத்திருந்தால் மூக்கை நுழைத்துக் குடைந்திருப்பாள். ஒரே அடுப்பில் பொங்கித் தின்கிற பெண்ணைச் சந்தேகப்பட்டால் வீட்டுக்குப் போன பிறகும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாளே என்று விட்டுவிட்டாள்.

"அண்ணி, சீக்கிரம். பஸ்ஸ விட்டா நடராஜா சர்வீஸ்தான்" என்று சின்னவள் கதவிலிருந்து குரல் கொடுத்தாள்.

பெரியவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். சின்னவள் கிட்டே வந்து பார்த்தாள். புரட்டியும் பார்த்தாள்.

"எங்கேர்ந்து?"

"பிரஷ் பெட்டி."

"நான் தொடச்சேனே. நல்லாத்தான் தொடச்சேன்." குரல் தேய்ந்தது. "தூக்கிப் போட்டுடுங்க. கக்கூஸ்ல போட்டுத் தண்ணிய ஊத்துங்க. ஒண்ணு தப்புச்சு, அது உங்க கைக்கே வந்துடுச்சு. முடிஞ்சுது கதை."

"இன்னொண்ணு இருந்தா?"

"இருந்தாத்தானே."

"மிஷினு இன்னும் ஓடிட்டிருக்கு."

"ஓடட்டும்." சின்னவள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அண்ணன் நெலம தெரியும்ல? மூட்டை விழுந்து முதுகு போயி ரெண்டு வருசமா படுத்துக்கிட்டிருக்கு. என்ன மட்டும் நிறுத்தினா பரவால்ல, எப்படியோ சமாளிக்கலாம். ரெண்டு பேரையும் சேர்த்து அனுப்பிட்டா, அப்புறம் அண்ணனுக்குக் கஞ்சி ஊத்தறது யாரு?"

பெரியவள் மறுபடியும் கையை மூடிக்கொண்டாள். கழிப்பறைக்கும் போகவில்லை, உள்ளேயும் திரும்பவில்லை. கால் அதுபாட்டுக்குக் கேட்டை நோக்கி நடந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வகுப்பெடுத்தவர் சொன்னது காதுக்குள்ளேயே நின்றது. சர்க்கரை மாத்திரை சின்னக் குழந்தைக்கு ஒன்று போனாலே போதும். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக் குழந்தை மயங்கித் தூங்கும். காய்ச்சலில் அசந்து தூங்குகிறது என்று தாய்க்காரி போர்த்திவிட்டுப் போவாள். அன்று பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். பெரியவளும் விட்டிருப்பாள்.

கேட்டில் வரிசை நின்றது. வெளியே போகும் பெண்களைத் தடவிப் பார்த்து அனுப்புகிற காவல்காரம்மா வழக்கம்போல வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். "கைய விரிங்கடி. மாத்திர எடுத்துட்டுப் போறதா இருந்தா எனக்கும் ரெண்டு குடுத்துட்டுப் போங்க. உங்க மூஞ்சியெல்லாம் பாத்துப் பாத்துத் தலைவலி மண்டையப் பொளக்குது."

பெண்கள் சிரித்தார்கள். பெரியவளுக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. இப்படியே பிடிபட்டால் இதற்குப் பெயர் திருட்டு. வேலை போவதோடு பேரும் போகும். விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், மாத்திரை கீழே விழும், பின்னால் வருகிறவளின் செருப்பு அதை மாவாக்கிவிடும். பின்னால் வந்தவள் சின்னவள். அவள் காலை முன்னே நீட்டித் தயாராக வைத்திருந்தாள்.

"உனக்குத் தனியா பத்திரிகை வைக்கணுமா? விரி கைய."

பெரியவள் விரித்தாள்.

காவல்காரம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"சூப்பர்வைசரக் கூப்பிடுங்க" என்றாள் பெரியவள். "இது வெளிய கொண்டுபோக எடுத்ததில்ல."

சூப்பர்வைசருக்குத் தெர்மாமீட்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். எதிரில் நிற்பவரின் சூட்டை முகத்தைப் பார்த்தே அளந்துவிடுவார். இன்று அவருக்கே காய்ச்சல் கண்டதுபோல இருந்தது. இருவரையும் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"காலைல போட்ட கோட்டுல ஒட்டிட்டு வந்திருக்கு. அப்படித்தானேம்மா?"

அவர் கேள்வி கேட்கவில்லை, பதிலை எடுத்துக் கையில் கொடுத்தார். அவருக்கும் பிள்ளை குட்டி உண்டு, மேலே அவரை மிதிக்க ஆளும் உண்டு. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மூவரும் வீடு போய்ச் சேரலாம். சின்னவள் பெரியவளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல சார். சாப்பிட்டு வந்து போட்ட கோட்டு."

"யோசிச்சுச் சொல்லும்மா. இதுக்கப்புறம் நான் உனக்கு ஒண்ணும் பண்ண முடியாது."

"பிரஷ் பெட்டிக்குள்ள இருந்திருக்கு சார். நான் பாக்கவே இல்ல. பாத்தேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

"தொடச்சது யாரு?"

பெரியவள் தரையைப் பார்த்தாள். சின்னவள், "நான்தான். வேற யாரு, வானத்துலேர்ந்தா வந்து தொடச்சாங்க?" என்றாள். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

தெர்மாமீட்டர் போனை எடுத்து ஒரே வார்த்தை சொன்னார். சுவருக்கு அந்தப்புறம் இரைந்துகொண்டிருந்த மிஷின் முனகி நின்றது. வெளியே நின்று அந்த இரைச்சல் இல்லாத கம்பெனியைப் பெரியவள் கேட்டதே இல்லை. எங்கோ பஸ் புறப்படும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

சலவை செய்த கோட்டு மாட்டி இருவரையும் உள்ளே கூட்டிப் போனார்கள். அடுத்த ஷிப்டுக்காரிகள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. தெர்மாமீட்டர் பிரஷ் பெட்டியின் மூடியைக் கழற்றி டார்ச்சைப் பெரியவளிடம் நீட்டினார்.

"இப்பப் பாரு" என்றார்.

ஒன்றும் இல்லாவிட்டால், இருந்தவையெல்லாம் அட்டைக்குள் போய்விட்டன என்றும் ஆகலாம். இருந்தால், அது அவள் கழுத்துக்குச் சுருக்கு. எது வேண்டும் என்று வேண்டிக்கொள்வதென்றே தெரியவில்லை. மத்தியானமே விட்டிருக்க வேண்டிய தலையை இப்போது உள்ளே விட்டாள்.

பிரஷ் மயிர்களுக்கு அடியில், உலோக விளிம்பு ஓரத்தில், மூன்று வெள்ளை மாத்திரைகள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஒன்றில் கோடு தெரிந்தது. மற்ற இரண்டையும் விரல் நுனியால் புரட்டினாள். வழவழப்பு.

"இருக்கா?" வெளியே தெர்மாமீட்டரின் குரல்.

"இருக்கு."

"எத்தன போயிருக்கும்?"

தலையை வெளியே எடுத்தால் அந்தக் கண்களையெல்லாம் பார்க்க வேண்டும். டார்ச்சைப் பிடித்தபடி பெட்டிக்குள்ளேயே இருந்தாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் கோட்டின் ஓரத்தை இறுகப் பற்றியிருந்தது. அது சின்னவளின் கை என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.